இன்சுலின் ஊசி போட்டால் கபடியிலும் ஜிம்மிலும் பலம் கூடுமா?

கேட்டிருப்பவர் ஈரோட்டுப் பக்கம் கபடிக் குழுவில் ஆடுபவர். ஜிம்மில் ஒரு அண்ணன் "இன்சுலின் போட்டா தின்ற சோறு நேரா தசைக்குப் போயிருமுங்க" என்கிறாராம். அதே குழுவில் டைப் 1 சர்க்கரை நோய் (உடம்பே இன்சுலின் சுரக்காத வகை) உள்ள தம்பி ஒருவன் ஊசி போட்டுக்கொண்டுதான் ஆடுகிறான். அவனுக்கு மட்டும் ஏன் இரண்டாம் பாதியில் கை நடுங்குகிறது என்பது அடுத்த கேள்வி. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஆட்டம் நடக்கும் நேரத்தில் உடம்பு இன்சுலினைக் கூட்டுவதில்லை, குறைக்கிறது.

கீழ்பவானி வாய்க்காலில் ஒரு மடை இருக்கிறது, அதைத் திறக்க இரண்டு ஆள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தசை செல்லுக்குள் குளுக்கோஸை விடுகிற அந்த மடைக்குக் குளூட்-4 என்று பெயர். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இன்சுலின் வந்து சொன்னால்தான் அது செல்லின் மேல்பரப்புக்கு வரும். தசை சுருங்கி விரியத் தொடங்கிவிட்டால் இன்சுலின் சொல்லக் காத்திருக்காமல் தானே மேலே வந்துவிடும். அதனால் ரைடு போகிறவனுக்கு இன்சுலின் அதிகம் தேவைப்படாது. அட்ரினலின் ஏற ஏறக் கணையம் இன்சுலின் சுரப்பைக் குறைக்கிறது, இன்சுலினுக்கு நேர்மாறாக வேலை செய்யும் குளுக்ககான் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. அப்போதுதான் கல்லீரல் தன் சர்க்கரை இருப்பை அவிழ்க்கும், கொழுப்பும் கரைந்து எரிபொருளாகும். இன்சுலின் உயர்ந்திருந்தால் இந்த இரண்டு வேலையும் தடைப்படும்.

இதில் அளவைப் பார்த்தால்தான் ஆபத்து புரியும். உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் சர்க்கரை என்றால் மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். மூளை மட்டுமே மணிக்கு ஏறக்குறைய அந்த அளவைச் செலவழிக்கிறது. கல்லீரல் அதன் சுமார் 100 கிராம் கையிருப்பிலிருந்து விடாமல் நிரப்பிக்கொண்டே இருப்பதால்தான் நாம் நிற்கிறோம். தசையில் 400 கிராம் போல இருந்தாலும் அதைத் தசை தனக்கே செலவழித்துக்கொள்ளும், ரத்தத்துக்குத் திருப்பித் தராது. வெளியிலிருந்து ஊசி போட்டால் கல்லீரலின் கையைக் கட்டிவிட்டு, அந்த ஒரு டீஸ்பூனையும் தசைக்குள் தள்ளுகிறீர்கள்.

ஜிம் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் தொல்லையே. இன்சுலின் தசைப் புரதம் சிதைவதைக் குறைக்கும். ஆனால் புதிய தசையைக் கட்டுவது எடை தூக்கும் வேலையும் அமினோ அமிலங்களும்தான். சிதைவைத் தடுக்க, சாப்பிட்டதும் தானாகச் சுரக்கும் இன்சுலினே போதும். நாமக்கல் முட்டை நான்கில் 24 கிராம் புரதம், கூட ஒரு தட்டு சோறு. அதற்கு மேல் ஊசியால் ஏற்றினால் கூடுவது பெரும்பாலும் கொழுப்பு.

கெடுவது பல. வேக இன்சுலின் 10–15 நிமிடத்தில் வேலையைத் தொடங்கி 3 முதல் 5 மணி நேரம் நிற்கும், பழைய ரெகுலர் வகை 6–8 மணி. போட்டுவிட்டுத் தூங்கினால் சர்க்கரை இறங்குவது தூக்கத்திலேயே நடந்துவிடும். வலிப்பு, நினைவிழப்பு, மூளைச் சேதம், சாவு வரை போகலாம். பொட்டாசியத்தையும் இன்சுலின் செல்லுக்குள் இழுப்பதால் இதயத் துடிப்பு தடுமாறும். உடற்கட்டுப் போட்டி மேடைக்காக நீர் இறக்கும் மாத்திரையும் போடுகிறவர்களுக்கு இது இரட்டை அடி. நம் ஊர் மருந்துக்கடையில் இன்னொரு குழியும் இருக்கிறது. குப்பியில் வருவது பெரும்பாலும் யு-40, அதாவது மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் வருவது யு-100. யு-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, யு-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. யு-100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் நினைத்ததைப் போல இரண்டரை மடங்கு உள்ளே போகும்.

போதாததற்கு இது ஊக்கமருந்து. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் பட்டியலில் போட்டி நாளில் மட்டுமல்ல, எல்லா நாளும் தடை. நோய்க்காகப் போடுபவர் சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு வாங்க வேண்டும். மாநில, தேசிய அளவில் ஆடப்போகிற டைப் 1 தம்பி மருத்துவரின் குறிப்புகளோடு முன்கூட்டியே அதற்கு விண்ணப்பிப்பது நல்லது.

நோயில்லாதவர் சாப்பாட்டை வைத்தே இன்சுலினைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்த கையோடு தசை இன்சுலினுக்கு நன்றாகக் கட்டுப்படும், அந்தக் குணம் ஒரு நாளாவது நீடிக்கும். அடுத்த ஆட்டம் மறுநாள் என்றால் அவசரமில்லை, வழக்கமான சாப்பாடு போதும். நம் பக்கத்து ராத்திரி டோர்னமென்ட்டில் விடிவதற்குள் மூன்று நான்கு ஆட்டம் வந்தால்தான் கணக்குப் பார்க்க வேண்டும். உடல் எடை கிலோவுக்கு மணிக்கு 1 முதல் 1.2 கிராம் மாவுச்சத்து. 60 கிலோ ஆளுக்கு 60 கிராம், அதாவது 200 கிராம் சோறு. அரிசிம்பருப்புச் சோற்றை நெய்யைக் குறைத்துச் சாப்பிடலாம், கூடவே ஒரு வாழைப்பழம். இந்த நேரத்துக்கு ராகிக் களியைவிட வெள்ளைச் சோறுதான் மேல், சீக்கிரம் செரிக்கும். புரோட்டா சால்னா சாப்பிட்டால் எண்ணெய் இரைப்பையிலேயே நின்றுவிடும்.

ஆட்டத்துக்கு 30–45 நிமிடம் முன்னால் கரும்புச்சாறு, குளுக்கோஸ் தண்ணீர் என்று இனிப்பாகக் குடித்துவிட்டு இறங்கினால் சிலருக்குத் தலை சுற்றும். இன்சுலின் உச்சத்தில் இருக்கும்போது தசையும் இழுப்பதால் வருவது அது. இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் வார்ம்-அப்பின்போது குடியுங்கள்.

இனி டைப் 1 தம்பி. அவன் போட்ட ஊசி ஆட்டத்தைப் பார்த்துக் குறையாது. சாப்பாட்டுக்குப் போட்ட முழு அளவும் ரத்தத்தில் நிற்க, தசையும் மடையைத் திறக்கிறது. 20 நிமிடப் பாதி இரண்டு. முதல் பாதியில் பதற்றமும் வேகமும் அட்ரினலினை ஏற்றிச் சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்கும், இரண்டாம் பாதியில் பிடி விட்டுப்போகும். தொடையில் ஊசி போட்டிருந்தால் ஓடும் காலிலிருந்து மருந்து இன்னும் வேகமாக ஏறும். ஆட்ட நாளில் வயிற்றில் போடுவது நல்லது.

தொடங்குமுன் ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126–180 மில்லிகிராம் இருந்தால் வசதி. 90-க்குக் கீழே என்றால் 10–20 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 90-ஐத் தாண்டிய பிறகே இறங்க வேண்டும். 270-க்கு மேல் இருந்தால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது கொழுப்பு எரிந்து சேரும் அமிலம்) பார்க்க வேண்டும், ரத்தக் கீட்டோன் லிட்டருக்கு 1.5 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்றால் ஆட்டமே கிடையாது. ஆட்டத்துக்கு முந்தைய சாப்பாட்டு ஊசியை, ஆட்டத்தின் கடுமையைப் பொறுத்து 25 முதல் 75 சதவீதம் வரை குறைப்பது வழக்கம். அவனுக்கு எவ்வளவு என்பதை அவன் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நாள் முழுக்க நிற்கும் அடிப்படை இன்சுலினை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் 250 காட்டுகிறதே என்று ஏறிய சர்க்கரையை இறக்கும் திருத்த ஊசியை முழு அளவில் போடுவதுதான் பலர் செய்கிற பிழை. அது அட்ரினலின் ஏற்றியது, தானே இறங்கும். தசை தன் இருப்பை நிரப்பிக்கொள்ளும் நள்ளிரவில்தான் இறக்கம் வரும். படுக்கும்முன் ஒரு சோதனை கட்டாயம்.

சர்க்கரை நோயோடு உச்சத்தில் நிற்க முடியாதா என்றால், வாசிம் அக்ரம் 1997-ல் டைப் 1 தெரிந்த பிறகும் 2003 வரை வேகப்பந்து வீசினார். படகோட்டி ஸ்டீவ் ரெட்கிரேவ் இன்சுலின் போட்டுக்கொண்டே 2000 சிட்னியில் ஐந்தாவது ஒலிம்பிக் தங்கம் வாங்கினார்.

மருந்தை வண்டி டிக்கியில் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் ஈரோடு, கரூர் பக்கம் டிக்கிக்குள் இன்சுலின் வீணாகிவிடும். ஐஸ் மேலேயும் நேராக வைக்கக் கூடாது, உறைந்தாலும் வீண்தான். ஈரத்துணி சுற்றிய மண்பானை போதும். திறந்த குப்பி பெரும்பாலும் 28 நாள்தான்.

தம்பிக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் குடித்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அவசரத்துக்கு நாட்டுச் சர்க்கரையும் ஆகும். கடலை மிட்டாய் ஆகாது, கடலையின் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். ஒரு டம்ளர் இளநீரும் போதாது, 250 மில்லியில் அந்த 15 கிராம் சர்க்கரை வராது. இது அவனுக்கு மட்டும் தெரிந்தால் பத்தாது, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரிய வேண்டும். நினைவு தப்பியவன் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். பையில் குளுக்ககான் ஊசி இருந்து, போடத் தெரிந்தவர் இருந்தால் ஆம்புலன்ஸ் வருமுன் போட்டுவிடலாம்.