ரஞ்சி ஆட்டம் பார்க்க எந்த நாள் போவது?

வாசகர் கேள்வி: போன சீசனில் லீவு போட்டுவிட்டு, பன்னிரண்டு வயது மகளோடு ரஞ்சி (மாநில அணிகள் மோதும் கிரிக்கெட் போட்டி) ஆட்டத்தின் நான்காம் நாள் போனேன். ஒரு அணி மட்டும் அவசரமே இல்லாமல் பேட் செய்துகொண்டிருந்தது. டீக்கு முன்பே கை குலுக்கி, டிரா என்று சொல்லி முடித்துவிட்டார்கள். மகளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் பேப்பரில் ஒரு அணிக்கு 3 புள்ளி, மற்றதற்கு 1 என்று போட்டிருந்தது. டிராவில் எப்படி இந்த வித்தியாசம்? எனக்கு ஒரு நாள்தான் லீவு கிடைக்கும். எந்த நாள் போகலாம்?

பதில்: மூன்றாம் நாள் போங்கள். நீங்கள் போன அன்று ஆட்டம் ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது. டிரா என்று அறிவிப்பது மட்டும்தான் பாக்கி.

ரஞ்சி லீக் ஆட்டம் 4 நாள். நாளுக்கு 90 ஓவர் வீதம் மொத்தம் 360 ஓவர். அதற்குள் எதிரணியை இரண்டு முறை ஆல் அவுட் செய்தால்தான் பெரும்பாலும் வெற்றி. பேட்டிங்குக்குச் சாதகமான பிட்சில் அது லேசில் நடக்காது. அதனால்தான் முதல் இன்னிங்ஸ் லீடுக்கு (முன்னிலைக்கு) மதிப்பு. ஆட்டம் டிரா ஆனால் முதல் இன்னிங்ஸில் கூடுதல் ரன் எடுத்த அணிக்கு 3 புள்ளி, பின்தங்கிய அணிக்கு 1. முதல் இன்னிங்ஸே முடியாமல் போனால் ஆளுக்கு 1. முழு வெற்றிக்கு 6. அதையே இன்னிங்ஸ் வித்தியாசத்திலோ 10 விக்கெட் வித்தியாசத்திலோ ஜெயித்தால் போனஸோடு 7.

2024 அக்டோபரில் கோயம்புத்தூரில் சௌராஷ்டிராவை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்று தமிழ்நாடு 7 புள்ளி வாங்கியது. அடுத்த ஆட்டம் டெல்லியில். சாய் சுதர்சன் இரட்டைச் சதம், வாஷிங்டன் சுந்தர் சதம், 6 விக்கெட்டுக்கு 674 என்று டிக்ளேர். டெல்லி 266-க்குச் சுருண்டு பாலோ-ஆன் வாங்கியது, அதாவது உடனே மறுபடியும் பேட் செய்ய வேண்டியதாயிற்று. ஆனாலும் இரண்டாவது இன்னிங்ஸில் டெல்லி கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டது. 400 ரன்னுக்கு மேல் லீட் இருந்தும் கிடைத்தது 3 புள்ளிதான். ஒரு ரன் லீடுக்கும் அதே 3 என்பதை மகளுக்குச் சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வாள்.

நாக் அவுட் ஆட்டங்கள் 5 நாள். அங்கே புள்ளிக் கணக்கு இல்லை. டிரா ஆனால் லீட் எடுத்த அணி மேலே போகும், மற்றது வீட்டுக்குப் போகும். 2025 பிப்ரவரியில் கேரளா இப்படித்தான் முதல்முறையாக இறுதிப்போட்டிக்குள் நுழைந்தது. காலிறுதியில் ஜம்மு காஷ்மீருக்கு எதிராக ஒரே ஒரு ரன் லீட். அரையிறுதி இன்னும் நெஞ்சைப் பிடிக்கும். அகமதாபாத்தில் கேரளா 457. ஐந்தாம் நாள் குஜராத் 9 விக்கெட்டுக்கு 455. கடைசி ஆட்டக்காரர் நாக்வாஸ்வாலா ஓங்கி அடித்த பந்து, பேட்ஸ்மேனுக்கு மிக அருகே ஷார்ட் லெக்கில் நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு எகிறி, விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் ஸ்லிப்பில் நின்ற கேப்டன் சச்சின் பேபியின் கையில் விழுந்தது. லீட் 2 ரன். (2017-க்கு முந்தைய விதிப்படி, பீல்டரின் ஹெல்மெட்டில் பட்டு வந்த பந்தைப் பிடித்தால் அவுட்டே கிடையாது!) பிறகு நாக்பூர் இறுதிப்போட்டியில் விதர்பா 379, கேரளா 342. அதே பேபி 98-ல் அவுட். ஆட்டம் டிரா, கோப்பை விதர்பாவுக்கு.

இனி, நீங்கள் பார்த்த மந்தமான பேட்டிங். லீட் கிடைத்த அணிக்குத் தோற்காமல் இருப்பதே முதல் வேலை ஆகிவிடும். 2012 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நடந்த இறுதிப்போட்டி நமக்கு இன்றும் வலிக்கிற உதாரணம். ராஜஸ்தான் 621, தமிழ்நாடு 295. முன்னிலை 326 ரன். ஆனாலும் ராஜஸ்தான் பாலோ-ஆன் கொடுக்கவில்லை, மறுபடியும் தானே பேட் பிடித்து நேரத்தைக் கரைத்துக் கோப்பையைக் கொண்டுபோனது. பார்ப்பவர்களுக்கு அலுப்புதான். ஆனால் அந்த இடத்தில் எந்த கேப்டனும் அதைத்தான் செய்வார், அதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

சரி, ஏன் மூன்றாம் நாள்? ஒரு அணி சுமார் 110, 120 ஓவர் ஆடும் என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் நாள் லஞ்சை ஒட்டி எதிரணி பேட்டிங்குக்கு வரும். லீட் யாருக்கு என்பது மூன்றாம் நாள் லஞ்சிலிருந்து டீக்குள் தெரிந்துவிடும். லீவு சொல்வதற்கு முன் இரண்டாம் நாள் மாலை ஸ்கோரை மட்டும் பாருங்கள். முதல் அணி 350, 400-ல் முடித்து, அடுத்த அணி இரண்டு மூன்று விக்கெட் இழந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். பந்து திரும்புகிற பிட்ச், இருபது விக்கெட்டும் விழுந்துவிட்டது என்றாலும் மூன்றாம் நாள்தான், ஏனென்றால் நான்காம் நாள் ஆட்டமே இல்லாமல் போகலாம். முதல் அணி 500 தாண்டியும் பேட் செய்துகொண்டே இருந்தால் மட்டும் லீவை நான்காம் நாளுக்கு மாற்றுங்கள்.

ரஞ்சி லீக் ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. எந்த கேட் திறந்திருக்கும் என்று மட்டும் முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறைவு என்பதால் பௌலரின் கத்தலும் ஸ்லிப்பில் பேசுவதும்கூடக் காதில் விழும், டிவியில் அது கிடைக்காது. மகள் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, லீடுக்கு இன்னும் எத்தனை ரன் என்று ஓவருக்கு ஓவர் எழுதச் சொல்லுங்கள். 80 ஓவர் முடிந்து புதுப் பந்து எடுக்கும்போது நன்றாகக் கவனிக்கச் சொல்லுங்கள். எட்டாவது விக்கெட் விழுந்து, இன்னும் 30 ரன் வேண்டும் என்ற நிலை வந்தால், நிலைத்து ஆடுகிறவருக்கு பீல்டர்கள் எல்லைக்கோட்டுக்குப் போவார்கள், கடைசி ஆட்டக்காரர் வந்தவுடன் மட்டையைச் சுற்றி வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் ஓடுகிற ஒவ்வொரு சிங்கிளுக்கும் பெவிலியனிலிருந்து மொத்த அணியும் கைதட்டும்.