கழன்றது ஓடுதான், உள்ளே இருப்பது உயிருள்ள எலும்பு

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்புப் பசு தொழுவத்துக் கம்பிக்குள் தலையை விட்டு இழுத்ததில் வலது கொம்பு உறைபோலக் கழன்று வந்துவிட்டது. உள்ளே சிவப்பாகக் கூம்புபோல் நிற்கிறது, ரத்தம் கசிகிறது. அடுப்புச் சாம்பலை அப்பச் சொல்கிறார்கள். கொம்பு திரும்ப வளருமா? பத்து நாள் கன்றுக்குக் கொம்பே வராமல் செய்யலாமா?
– குலசேகரம் பகுதி விவசாயி

பதில்: சாம்பல், சாணி எதையும் அப்பாதீர்கள். கழன்று விழுந்த ஓடு நம் நகம், மாட்டின் குளம்பு போல கெரட்டின் என்ற பொருளால் ஆனது. அதில் உயிரில்லை, வலியுமில்லை. ஆனால் இப்போது தெரிகிற சிவப்புக் கூம்பு மண்டை எலும்பின் நீட்சி. அதன்மேல் ரத்தமும் உணர்வும் நிறைந்த மெல்லிய திசு போர்த்தியிருக்கிறது. பசுவுக்கு இப்போது கடுமையான வலி இருக்கும்.

வளர்ந்த மாட்டில் இந்த எலும்பின் உள்ளே வெற்றிடம் உண்டு. அது நெற்றிக்குள் இருக்கும் காற்றறையோடு சேர்ந்தது. ஓடு மட்டும் கழன்றிருந்தால் பயம் குறைவு. எலும்பும் முறிந்து ஓட்டை தெரிந்தால் கிருமி நேராக அந்தக் காற்றறைக்குள் போய்ச் சீழ் பிடிக்கலாம். அந்த ஓட்டைக்குள் தண்ணீரோ மருந்தோ ஊற்றவே கூடாது.

சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து முதலில் ரத்தத்தை நிறுத்துங்கள். பிறகு போவிடோன் அயோடின் தடவி, துணிக்கட்டை மறு கொம்பையும் சுற்றி எட்டு வடிவில் போட்டால் நழுவாது. நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. ஈரத் தொழுவத்தில் ஈ மொய்த்துப் புண்ணில் புழு வைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. கட்டைச் சுற்றியுள்ள தோலில் வேப்பெண்ணெய் தடவுங்கள். அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது 1962 எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழையுங்கள். ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி, வலி மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாம் மருத்துவர் முடிவு. மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் வலி மருந்தை நீங்களே போடாதீர்கள். செத்த மாடுகளைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள் அழிவதற்குக் காரணமானதால் மாடுகளுக்கு அதைப் பயன்படுத்த 2006லேயே தடை வந்துவிட்டது. ஆன்டிபயாடிக் போட்டால் எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாலோ, அந்தப் பக்க மூக்கில் சீழ் வடிந்தாலோ காத்திருக்காதீர்கள்.

ஓடு திரும்ப வளரும். அந்த மெல்லிய திசுதான் அதைச் சுரக்கிறது, அதனால் அதைச் சுரண்டிவிடாதீர்கள். மாதக்கணக்காகும், சொரசொரப்பாக, கோணலாக வரலாம். எலும்போடு முறிந்திருந்தால் முறிந்த பகுதி முளைக்காது. பேச்சிப்பாறைக் காட்டு மிளா மானுக்கு விழுந்த கொம்பு முளைக்கிறதே என்பீர்கள். அது முழுக்க எலும்பு, உதிர்ந்து முளைப்பதே அதன் இயல்பு. பசுவின் கொம்பு ஆயுளுக்கும் ஒன்றுதான்.

கன்றுக்குச் செய்யலாம், இதுவே நல்ல வயது. இப்போது கொம்புக் குருத்து தோலோடுதான் இருக்கிறது. இரண்டு மாதம் போனால் மண்டை எலும்போடு ஒட்டத் தொடங்கும். பசுவைப் பார்க்க மருத்துவர் வரும்போதே கன்றையும் காட்டுங்கள். மரத்துப்போகும் ஊசி போட்டபிறகே குருத்தைச் சுட வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.