ராப் பாடலை ராக் குழு பாடினால் அது ஏன் வேறு பாட்டாகக் கேட்கிறது?

ஒருவர் வெளியிட்ட பாடலை இன்னொருவர் தம் குரலிலும் இசையிலும் புதிதாகப் பதிவு செய்வதே கவர் பாடல். ராப்பில் மெட்டைவிடத் தாளமும் உச்சரிப்புமே முதன்மை என்பதால், அதைப் பாட வரும் ராக் குழு மெட்டைத் தானே உருவாக்க வேண்டியிருக்கிறது. 1987இல் அமெரிக்க ராப் பாடகர் ஈஸி-ஈ வெளியிட்ட ‘பாய்ஸ் இன் த ஹூட்’ கனத்த டிரம் மெஷின் அடிமேல் ஓடுவது; 2000இல் டைனமைட் ஹாக் என்ற ராக் குழு அதன் முரட்டு வரிகளை மென்மையான கிட்டாருடன் குழைத்துப் பாடியபோது, என் காதுக்கு நகைச்சுவையே மேலோங்கியது. மட்டக்களப்பு வாவி மீனை ஒரு வீட்டில் பால்சொதியாக வைப்பார்கள், மறு வீட்டில் தூள் பிரட்டிப் பொரிப்பார்கள். மீன் ஒன்றே, ருசி வேறு. கவர் பாடலை ரீமிக்ஸ் என்று பலர் எண்ணுவது தவறு: ரீமிக்ஸ் பழைய ஒலிப்பதிவையே மாற்றியமைப்பது, கவரோ முற்றிலும் புதிய பதிவு, ஆனாலும் ‘பாய்ஸ் இன் த ஹூட்’ பாடலை ஈஸி-ஈக்காக எழுதியவர் ராப் கலைஞர் ஐஸ் கியூப் என்பது அதனால் மாறிவிடாது.