மேதைமைக்கு மனநோய் தேவையில்லை

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் அண்ணன் மகன் சில வாரங்களாக இரவில் தூங்குவதில்லை, நோட்டு நோட்டாக எழுதிக் குவிக்கிறான், தன் எண்ணங்களை யாரோ திருடுகிறார்கள் என்கிறான். "மேதைகள் எல்லாரும் இப்படித்தான், பெரிய ஆளாக வருவான், விட்டுவிடு" என்கிறார்கள் உறவினர்கள். மேதைமைக்கும் பைத்தியத்துக்கும் நூலிழைதான் வித்தியாசமா?
- ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: இல்லை. உங்கள் வீட்டில் இப்போது அந்தப் பேச்சு ஆபத்தானதும்கூட.

இப்படிச் சொல்பவர்கள் வழக்கமாகக் காட்டுவது அமெரிக்கக் கணித அறிஞர் ஜான் நாஷை. ஆனால் 1994-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆய்வை அவர் 1950 வாக்கில், இருபதுகளின் தொடக்கத்தில், மனச்சிதைவு நோய் தாக்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே முடித்துவிட்டார். 1959-இல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பின் அந்நோய் அவரிடமிருந்து பறித்துக்கொண்டது வேலையை, குடும்பத்தை, நீண்ட பல ஆண்டுகளை. நோய் அவருக்குக் கொடுத்தது எதுவுமில்லை.

நம் ஊர் மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர், ஆராய்ச்சிக்கு நடுவே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓர் ஆய்விதழின் ஆசிரியராகவும் இருந்தார். பிறர் கட்டுரைகளை வரி வரியாகச் சரிபார்க்கும் அந்த வேலைக்கு எவ்வளவு நிதானம் வேண்டும் என்பது இந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும்.

இராமானுஜன்? காகிதம் வாங்க வசதியின்றி, சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்துக்கொண்டிருந்த அந்த இளைஞரைச் சிலர் விசித்திரமானவர் என்று நினைத்திருக்கலாம். ஆனால் அவருடைய நோட்டுகளைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார் நெல்லூர் ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவ். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கிருந்த நாராயண அய்யர் துணை நின்றார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. திறமையை வெற்றியாக மாற்றியது இந்தக் கவனிப்பு. நாம் அதை மறந்துவிட்டு விசித்திரத்தை மட்டும் கதையாக்குகிறோம்.

உங்கள் அண்ணன் மகனுக்கு வந்திருப்பது இன்னதென்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் தூக்கமின்மையோடு இத்தகைய எண்ணமும் சேர்ந்திருப்பதால் இந்த வாரமே காட்டுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் புறநோயாளிப் பிரிவு உண்டு. கட்டணமில்லாத 14416 மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். சிகிச்சை தொடங்கினால் அவன் மூளை மழுங்கிவிடும் என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள்; தாமதிக்கத் தாமதிக்கத்தான் படிப்பும் நட்பும் கைநழுவும். உயிரை மாய்த்துக்கொள்வதாக ஒரு சொல் வந்தாலும் ஒரு கணமும் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவன் எழுதிய நோட்டுகளைக் கிழித்துவிட வேண்டாம். அவன் சம்மதித்தால் மருத்துவரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.