டிஷ்வாஷர் ஏன் கரகரவென்று சத்தம் போடுகிறது?

டிஷ்வாஷரின் அடியில் உள்ள பம்ப், சுழலும் கைகளின் துளைகள் வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சுகிறது. பம்புக்குள் வேகமாகச் சுற்றும் குட்டி விசிறிக்கு இம்பெல்லர் என்று பெயர். அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ள இன்னொரு பம்ப் உண்டு.

சீராக ‘டக் டக்’ என்று கேட்டால், கரண்டிக் காம்பு ஏதாவது சுழலும் கையில் இடிக்கிறது. பாத்திரம் அடுக்கியதும் அந்தக் கையை விரலால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கரகர சத்தம் வேறு. எலும்புத் துண்டோ, கண்ணாடிச் சில்லோ வடிகட்டியைத் தாண்டி இம்பெல்லரில் மாட்டியிருக்கும். மிக்ஸியில் புளியங்கொட்டை விழுந்தால் கத்துமே, அதே கதைதான். தண்ணீர் வெளியேறும்போது மட்டும் சத்தம் வந்தால் வடிகால் பம்பைப் பாருங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். அப்புறம் கீழ்த்தட்டை எடுத்து, வடிகட்டியைத் திருகிக் கழற்றி, தேங்கிய நீரை ஸ்பாஞ்சால் ஒற்றியெடுத்து, டார்ச் அடித்துத் தேடுங்கள். வெறுங்கையை மட்டும் உள்ளே விடவே வேண்டாம். ஈரத்தில் கண்ணாடிச் சில்லு கண்ணுக்குத் தெரியாது. இடுக்கிதான் நல்லது. சுத்தம் செய்த பிறகும் இரைச்சல் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம், அது மெக்கானிக் வேலை.

சத்தம் வந்தாலே மோட்டார் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே சிக்கிய ஒரு சின்னத் துண்டும் அதே சத்தத்தைத்தான் எழுப்பும்.