இரட்சிக்கப்பட்ட தேதி எனக்கு இல்லையே!

கேள்வி: மூப்பர்கள் நடத்துகிற பிரஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் சபைக் குடும்பத்தில் பிறந்தவள் நான். கைக்குழந்தையாக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். சபையின் உபதேசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லும் வினாவிடை முழுவதும் மனப்பாடம். பதினாறு வயதில் சபையார் முன் நின்று விசுவாச அறிக்கை செய்தேன். இப்போது உடன் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, "நீ எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டாய்?" என்று கேட்கிறாள். எனக்கு அப்படி ஒரு நாள் நினைவில் இல்லை. நாள் தெரியாவிட்டால் இன்னும் மனந்திரும்பவில்லை என்றுதான் அர்த்தம் என்கிறாள். கடந்த இரண்டு முறையும், அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில் பங்கெடுக்காமல் எழுந்து வந்துவிட்டேன். கடவுள் முன்னமே தெரிந்தெடுத்தவர்கள்தான் இரட்சிக்கப்படுவார்கள் என்று நம் சபை போதிக்கிறது. அவர்களில் நான் ஒருத்தி இல்லையென்றால் என்ன செய்வது?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி)

பதில்: சகோதரி, தேதி தெரியாதவர்கள் இரட்சிக்கப்படாதவர்கள் என்று வேதத்தில் எங்கும் இல்லை, நம் சபைகள் ஏற்றுக்கொண்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை என்ற உபதேச நூலிலும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டு முறை எழுந்து வந்துவிட்டேன் என்ற அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

உங்கள் தோழி இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார். மறுபிறப்பு என்பது கடவுள் செய்வது. செத்துக் கிடக்கும் உள்ளத்துக்கு அவர் உயிர் கொடுக்கிறார், அந்த இடத்தில் மனிதனுடைய கை எதுவும் இல்லை என்கிறது அறிக்கையின் 10-ஆம் அதிகாரம். மனந்திரும்புதல் அந்த உயிர் வந்தபின் நாம் திரும்புவது: பாவத்தைப் பாவமென்று உணர்ந்து, கிறிஸ்துவிடம் இரக்கம் உண்டென்று கண்டு, துக்கத்தோடும் வெறுப்போடும் அதைவிட்டுக் கடவுளிடம் திரும்பி, இனிக் கீழ்ப்படிந்து நடக்க வேண்டும் என்று முழு மனதோடு முயல்வது. நீங்கள் மனப்பாடம் செய்த குறு வினாவிடையில் 87-ஆம் கேள்விக்கான பதில் ஏறக்குறைய இதுதான். மொத்தம் 107 கேள்விகள் அதில், ஒன்றுகூட நாள் கேட்கவில்லை. மறுபிறப்பு எந்த நிமிடத்தில் நடந்தது என்று கடவுளுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. மனந்திரும்புதல் ஒரே நாளில் முடிந்துபோகிற காரியமும் இல்லை, சாகும்வரை திரும்பிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

இன்றிரவு அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தை எடுத்து மெதுவாகப் படியுங்கள். ஊர் பிலிப்பி. ஆற்றங்கரையில் பெண்கள் ஜெபிக்கக் கூடியிருக்கிறார்கள், பவுல் உட்கார்ந்து பேசுகிறார், இரத்தாம்பரம் விற்கிற லீதியாள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஏற்கெனவே கடவுளை வணங்கிவந்த பெண். அவள் கதறினாள், விழுந்தாள் என்றெல்லாம் இந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா எழுதவில்லை, கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தருளினார் என்று ஒரே வரியோடு விட்டுவிடுகிறார். அதே அதிகாரத்தில் சிறைச்சாலைக்காரனைப் பாருங்கள்: நடுராத்திரி, பூமி அதிர்ந்து கதவெல்லாம் திறந்து கிடக்கிறது, கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்துப் பட்டயத்தை உருவிவிட்டான், பவுல் சத்தம் போட்டுத் தடுத்ததும் விளக்கைக் கொண்டுவரச் சொல்லி உள்ளே ஓடி நடுநடுங்கி விழுகிறான். அவனுக்குத் தேதி என்ன, நாழிகைகூட மறந்திருக்காது. இருவருக்கும் கிடைத்தது ஒரே இரட்சிப்பு. அப்புறம் பவுலின் இளம் உடன் ஊழியர் தீமோத்தேயு இருக்கிறார். பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள் என்று வீட்டிலேயே விசுவாசம், சிறுவயதிலிருந்தே வேத எழுத்துக்கள் தெரியும். பவுல் அவருக்கு எழுதிய இரண்டு நிருபங்களிலும் நாள் கேட்டதாக இல்லை, கற்றுக்கொண்டவைகளில் நிலைத்திரு என்கிறார். நீங்கள் தீமோத்தேயுவின் வரிசையில் வந்தவர் என்று நினைக்கிறேன்.

தோழியின் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருக்கட்டும். மனந்திரும்புதல் வேண்டும் என்பதில் பிரஸ்பிட்டேரியன்கள் சளைத்தவர்கள் இல்லை. 1740-இல் பென்சில்வேனியாவில் கில்பர்ட் டென்னன்ட், மனந்திரும்பாத போதகர்களால் சபைக்கு வரும் ஆபத்தைப் பற்றிச் செய்த பிரசங்கம் இதைப் பற்றிய சண்டையை மூட்டி, மறு வருடமே அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் சபை இரண்டாக உடைந்தது. சேர்வதற்கு 1758 ஆகிவிட்டது. அடுத்த நூற்றாண்டில் சார்லஸ் ஃபின்னி, அவரும் 1824-இல் பிரஸ்பிட்டேரியன் போதகராக அபிஷேகம் பெற்றவர்தான், எழுப்புதல் கூட்டங்களில் முன்வரிசையில் ஒரு பெஞ்சைப் போட்டு, ஆத்துமாவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் எழுந்து அங்கே வந்து உட்காரச் சொன்னார். உண்மையாகவே மனம் மாறியவர்கள் அங்கே இல்லாமல் இல்லை. ஆனால் பெஞ்சுக்கு நடந்துபோனதையே கிறிஸ்துவிடம் வந்ததாக ஜனங்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று அப்போதே பலர் எச்சரித்தார்கள். ஃபின்னி 1836-இல் பிரஸ்பிட்டேரியன் சபையைவிட்டு விலகிவிட்டார், அந்தப் பழக்கம் மட்டும் உலகம் முழுக்கப் பரவி, கையைத் தூக்கு, முன்னால் வா, தேதியைக் குறித்துக்கொள் என்று இன்றுவரை நிற்கிறது.

இதை வெளியே நின்று சொல்லவில்லை. என் பழைய வேதப் புத்தகத்தின் முதல் தாளில் மூன்று தேதிகள் இருக்கின்றன, இரண்டின்மேல் கோடு போட்டிருக்கும். பதினான்கு வயதில் ஒரு கூட்டத்தில் முன்னால் போய் எழுதியது முதலாவது. ஆறே மாதத்தில் பழைய பாவத்துக்குத் திரும்பியதும், அன்று நடந்தது பொய் என்று அடித்துவிட்டு இன்னொன்று எழுதினேன், அதையும் அடித்தேன். மூன்றாவதையும் அடிக்கப்போன சமயத்தில் எங்கள் சபை மூப்பர் ஒருவர் பேனாவை வாங்கி வைத்துவிட்டு எபேசியர் 2:8-ஐ வாசிக்கச் சொன்னார். "இது உங்களால் உண்டானதல்ல" என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, அதை மட்டும் மறுபடி வாசிக்க வைத்தார். அந்த மூன்றாவது தேதி கோடு விழாமல் இன்னும் இருக்கிறது, நான் அதைத் திறந்து பார்த்துத்தான் வெகுநாளாகிவிட்டது.

சரி, இனி உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டும். உங்கள் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். குடும்பம் இருக்கிறது, ஞானஸ்நானம் இருக்கிறது, வினாவிடை இருக்கிறது, சபையார் முன் செய்த அறிக்கை இருக்கிறது. இயேசு கிறிஸ்துவின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. தோழி தேதியில் சாய்ந்திருக்கிறார் என்றால் நீங்கள் சபைப் பதிவேட்டில் சாய்ந்திருந்தீர்கள், அதனால்தான் ஒரே கேள்வியில் ஆட்டம் கண்டுவிட்டது. ஞானஸ்நானம் பெற்ற எல்லோரும் நிச்சயமாக மறுபடி பிறந்தவர்கள் என்று சொல்ல முடியாது என்று அறிக்கையின் 28-ஆம் அதிகாரம் வெளிப்படையாகவே சொல்கிறது. ஞானஸ்நானத்தின் பலன் அது கொடுக்கப்பட்ட அந்த நேரத்தோடு கட்டுண்டதில்லை என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. அதாவது, குழந்தையாக உங்கள் தலையில் விழுந்த தண்ணீர் காட்டிய வாக்குத்தத்தத்தை இன்றைக்கு நீங்கள் கை நீட்டிப் பிடித்துக்கொள்ளலாம். பிடித்திருக்கிறீர்களா? அதைத்தான் கேட்கிறேன். நான் கேட்காவிட்டால் உங்கள் தோழி உங்கள்மேல் வைத்திருக்கும் அக்கறைகூட எனக்கு இல்லை என்று ஆகிவிடும்.

யார் இரட்சிக்கப்படுவார்கள் என்று கடவுள் முன்னமே தீர்மானித்திருக்கிறார் என்ற முன்குறித்தலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த உபதேசத்தை மிகவும் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும் என்று அறிக்கையே எச்சரிக்கிறது, 1903-இல் அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் சபை இதற்கு ஒரு விளக்கம் சேர்த்து, பாவி சாவதைக் கடவுள் விரும்புகிறதில்லை என்பதோடு பொருத்தித்தான் இதைப் படிக்க வேண்டும் என்றது. தெரிந்தெடுக்கப்பட்டவர்களின் பட்டியலை யார் கையிலும் கொடுக்கவில்லை, அதில் பேர் தேடுவது உங்கள் வேலையும் இல்லை. உங்களுக்குக் கொடுத்திருப்பது அழைப்பு. யோவான் 6:37-இல் இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கிறது, பிதா கொடுக்கிற யாவும் என்னிடத்தில் வரும் என்று சொன்ன அதே மூச்சில், வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை என்கிறார் இயேசு. வந்து பார்த்த பிறகுதான் முதல் பாதி ஆறுதலாகும். வராமல் நின்றுகொண்டு அதையே யோசித்தால் பயம்தான் மிஞ்சும்.

கடைசியாக, திருவிருந்து. பெரிய வினாவிடை என்று ஒன்று உண்டு, 196 கேள்விகள், இப்போது அதிகம் பேர் படிப்பதில்லை. அதில் 172-ஆவது கேள்வி உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது: தான் கிறிஸ்துவுக்குள் இருக்கிறேனா என்று சந்தேகப்படுகிறவர் இந்தப் பந்திக்கு வரலாமா? நிச்சயம் இல்லாதவருக்கும் கிறிஸ்துவில் மெய்யான பங்கு இருக்கக்கூடும், அந்தக் குறையை உணர்ந்து, கிறிஸ்துவுக்குள் காணப்பட வேண்டும் என்று உண்மையாக வாஞ்சித்து, பாவத்தைவிட்டு விலக விரும்புகிறவர் தன் அவிசுவாசத்துக்காகத் துக்கப்பட்டு, சந்தேகம் தீர முயல வேண்டும், இன்னும் பலப்படும்படி வரலாம், வரவும் வேண்டும் என்பது பதில். அடுத்த ஆராதனைக்கு முன் உங்கள் போதகரிடம் போய், எனக்கு எழுதியதையெல்லாம் அவரிடம் நேரில் சொல்லுங்கள். திருவிருந்து அன்றைக்கு எழுந்து வெளியே வராதீர்கள். அப்பம் கைக்கு வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.