மாமாவின் கசெற்றுகளும் குட் மோர்னிங் பூக்களும்

அன்புள்ள அக்கா,

வெள்ளவத்தையில் அம்மாவோடு இருக்கிறேன். அடுத்த மாதம் இதைவிடச் சின்ன ஃபிளாட்டுக்கு மாறுகிறோம். அலுமாரிக்கு மேலே ஒரு சூட்கேஸ் நிறைய ஏரோகிராம் (மடித்து ஒட்டி அனுப்பும் விமானத் தபால் கடிதம்), அல்பங்கள், மாமா ஜேர்மனியிலிருந்து பேசி அனுப்பிய கசெற்றுகள். 'எல்லாத்தையும் ஸ்கான் பண்ணிப்போட்டு எறி' என்கிறான் ரொறன்ரோவில் இருக்கும் தம்பி. என் ஃபோனிலோ இப்போதே இடமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ச., வெள்ளவத்தை

அன்புள்ள ச.,

கசெற்றிலிருந்து தொடங்குங்கள். கடதாசி இன்னும் கொஞ்சக் காலம் தாங்கும். கொழும்பின் ஈரத்தில் கசெற் தாங்காது. நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் பிளேயரில் போடவே வேண்டாம், அடுத்த கசெற்றுக்கும் தொற்றும். நல்லவற்றின் முதுகில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். தவறுதலாக யாரும் மேலே பதிய முடியாது. பிளேயரிலிருந்து வயர் கொடுத்துக் கணினியில் பதிய வேண்டும். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஃபோனை வைத்தால் மாமாவின் குரலோடு உங்கள் ஃபேனும் காலி வீதி பஸ்களும் சேர்ந்து பதியும்.

ஏரோகிராமை ஸ்கான் பண்ண 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு) போதும். ஆனால் ஒட்டும் மடிப்பில்கூட எங்கட ஆட்கள் நுணுக்கி நுணுக்கி எழுதியிருப்பார்கள். முழுதாக விரித்து, விலாசப் பக்கத்தையும் எடுங்கள். கடிதத்தில் திகதி இல்லாவிட்டால் தபாற்கந்தோரில் குத்திய சீலில் இருக்கும். சின்னக் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு 600, பின்பக்கமும் சேர்த்து.

படத்தில் நிற்பவர்கள் யாரென்று ஸ்கானர் சொல்லாது. அம்மாவிடம் அல்பத்தைக் கொடுத்து, ஃபோனில் ரெக்கோர்டைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். அந்தக் கலியாணத்துக்கு யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று அவர் வேறெங்கோ போவார். மறிக்காதீர்கள். (எனக்கென்றால் அந்தக் கதைதான் வேணும்.)

ஃபோன் குப்பை வேறு அலுவல், இதோடு கலக்காதீர்கள். வட்ஸ்அப் படங்கள் தானாகச் சேமிக்கப்படுவதை நிறுத்தினாலே குட் மோர்னிங் பூக்கள் குவியாது. ஸ்கான்களைத் தம்பிக்குச் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டொக்கியுமென்றாக அனுப்புங்கள். ஒரு பிரதி ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று கூகிளில். அங்கே இலவச இடம் 15 ஜிபிதான். கணக்கை 2 வருடம் தொடாமல் விட்டால் அழித்துவிடவும் கூடும்.

கோயில் மலர், பாடசாலைச் சஞ்சிகை ஏதும் கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடமுதல் நூலகம் நிறுவனத்தைக் கேளுங்கள். 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கி வருகிறார்கள்.

கடிதங்களை எறியாதீர்கள். இடமில்லையென்றால் சூட்கேஸோடு ரொறன்ரோவுக்கு அனுப்பிவிடுங்கள். தம்பியே எறியட்டும், பார்ப்போம்.